கனகவள்ளி போடாத கையெழுத்து

தலைவர் சிவகுருநாதன் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, தாராவியிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு இந்தச் செம்பூர் அரங்கத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! வழக்கறிஞர் சங்கரேஸ்வரியோடு இருபது வருடம் ஒரே மேஜையைப் பங்குபோட்ட நாணு பேசுகிறேன். இரங்கல் உரை என்று அழைத்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, முன்வரிசையில் கனகவள்ளி உட்கார்ந்திருக்கிறார். இட்லி விற்கிறவர். செல்போன் செயலி வழியாக ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் இருபதாயிரம் கடன் வாங்கினார். ஓடிபி கேட்டார்கள், சொன்னார். அவ்வளவுதான்! இரண்டு லட்சத்துக்கு ஒரு புரோநோட்டு முளைத்தது. அதன் அடியில், வளைவும் நெளிவுமாக ஆங்கிலத்தில் அவர் பெயர்!

"எக்கா, இத யாரு எழுதுனா?" என்று சங்கரேஸ்வரியிடம் கேட்டார் இவர். "பேங்க்ல எம்பேர தமிழ்ல எழுததுக்குள்ள பின்னால நிக்கவன் கத்துதான். நான் எப்பம் இங்கிலீசுல எழுதுனேன்?"

சங்கரேஸ்வரி மின்னணுக் கையெழுத்துக்கு எதிரியா? இல்லவே இல்லை! தன் வருமான வரிக் கணக்கையே ஓடிபி போட்டுத் தாக்கல் செய்தவர் அவர். ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனத்துக்கு, கேட்டவுடன் பணம் தருவதாக எழுதும் புரோநோட்டில் மின்னணுக் கையெழுத்து செல்லும். 2022இல் சட்டம் அதற்கு வழிவிட்டது. ஆனால் இந்த ஃபைனான்ஸ்காரரைப் போல எந்தக் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஒரு தனியாருக்கு அந்தச் சலுகை உண்டா? கிடையாது! இதைத்தான் அவர் நீதிமன்றத்தில் தொண்டை கிழியச் சொன்னார். வாங்கிய இருபதாயிரத்தைக் கனகவள்ளி ஒருநாளும் மறுக்கவில்லை.

"கையெழுத்தை சாஃப்ட்வேர் தானாக உருவாக்கியது" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். "தோ பைசா பி சாஃப்ட்வேர் ஸே லே லோ, பாய்சாப்!" என்றார் சங்கரேஸ்வரி. பணத்தையும் சாஃப்ட்வேரிடமே வாங்கிக்கொள் என்று! நீதிபதி ஃபைலுக்குள் முகத்தை வைத்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தாராவிக்குப் போவார். பெண்களின் போனை வாங்கி, அதிலிருக்கும் ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வார். "நான் படிச்சு முடிக்க முன்ன எவளும் நம்பரச் சொல்லப்பிடாது, ஆமா!" என்று அதட்டுவார். அந்த அதட்டலுக்குப் பயந்து தப்பித்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்!

அப்படிப்பட்டவர் புதன்கிழமை இரவு மாரடைப்பில் போனார். வியாழக்கிழமை கனகவள்ளியின் வழக்கு. சயான் சுடுகாட்டுக்கு நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அதே நேரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "பிரதிவாதிக்காக யாரும் ஆஜராகவில்லை" என்கிறார்! அவருக்கு விஷயம் தெரியாதா? காலையில்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு போட்டிருந்தார்! இறந்த செய்தியை நீதிபதியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிட்டார். கனகவள்ளி ஏன் போகவில்லை என்கிறீர்களா? தனக்காக வாதாடியவருக்கு வாய்க்கரிசி போட எங்களோடு வந்திருந்தார், ஐயா! இனி அவர் குடியிருக்கும் ஒற்றை அறைக்கு ஜப்தி வரும்.

வர விடுவோமா? இன்று காலை வக்காலத்தில் கனகவள்ளியின் கையெழுத்தை வாங்கிவிட்டேன். பின்னால் நின்று யாரும் கத்தவில்லை. நிதானமாகத் தமிழில் போட்டார். அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரி திங்கட்கிழமை நான் ஆஜராகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி சங்கரேஸ்வரியின் ஜூனியர் வந்தனா தாராவிக்கு வருவார். போனை அவரிடம் காட்டாமல் யாரும் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். சங்கரேஸ்வரியின் குரல் ஒரே ஒரு நாள் கேட்கவில்லை; அதற்குள் ஒரு பெண்ணின் வீட்டைப் பிடுங்கத் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். நாம் ஒரு நிமிடம்கூட வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம்!