துண்டு சுற்றிய முகம்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு கட்டட வேலைக்காரர்கள். ஒருவன் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"அந்த வெள்ளைக்காரன் கேமராவைப் பிடுங்கி உடைச்சிருக்கணும் மாப்ள."

"சைட்ல எல்லாரையும்தான் எடுத்தான். நெட்ல போட்டா போடட்டுமே."

"ஊர்ல என் மச்சான் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கான்டா. பொண்டாட்டிகிட்ட ஏசி ரூம்ல ஆபீஸ் வேலைன்னு சொல்லியிருக்கேன். மேனேஜர் கார்ல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்."

"வெயிலுக்குத் துண்டை மூஞ்சில சுத்தியிருந்தே. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. யாருக்குடா அடையாளம் தெரியப்போகுது?"

பஸ் வந்தது. அவன் நகரவில்லை.

"அந்தத் துண்டுல பூப்போட்டுத் தைச்சுக் குடுத்ததே அவதான்டா."