மழை லீவு

ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தலைமையாசிரியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அறுத்த நெல்லு களத்துல கீது. தார்ப்பாய் எங்கங்க?" என்றார் மனைவி.

"தறிக்காரங்க வீட்டுக்குக் குடுத்துட்டேன். கூரை ஒழுவி தறியில சொட்டுதாம்."

"அப்ப நெல்ல வாரி உங்க ஸ்கூல்ல கொட்டலாம். மழை பெஞ்சா லீவுதானே?"

"மழை பெஞ்சா அந்தத் தறிக்காரங்கள அங்கதாம்மா தங்க வெக்கணும். சாவி எங்கிட்டதான் கீது."

"உங்களோட ஒரே பேஜாருங்க!"

கண்ணாடியில் தூறல் விழுந்தது. அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் ஸ்கூல் டீச்சர் ஒருவரின் ஆசைக்குரல்: "சார், நாளைக்கு லீவு கெடைக்குமா?"

மனைவி போனைப் பிடுங்கினார். "கெடைக்கும் டீச்சர். இப்பவே சாக்கு எடுத்துகினு ஜல்தியா எங்க களத்துக்கு வாங்க."