பன்னெண்டாவது எடை

கதவ விட்டுடாதீங்க சார், தானா சாத்திக்கும். அந்தா கீழ ஒரு பித்தளைக் கட்டை கிடக்குது பாருங்க, அதை முட்டுக் குடுங்க. கனமாத்தான் இருக்கும், அஞ்சு கிலோ. ஆங், அப்படித்தான். உங்க பொண்ணு மேசை இதுதான். நோட்டெல்லாம் நானே டப்பாவுல எடுத்து வெச்சுட்டேன்.

நானா? நான் விஞ்ஞானி இல்ல சார், நல்லவேளை. லேத்துல நிக்கறவன். இருபத்தாறு வருஷமா இவங்க கேக்கற சாமானெல்லாம் கடைஞ்சு குடுக்கறேன்.

பொண்ணு எப்படி இருக்கு? ஓ. ரூமை விட்டே வர்றதில்லையா. தப்புப் பண்ணிட்டேன், தப்புப் பண்ணிட்டேன்னு அதையேதான் சொல்லுதா. ம்.

என்ன தப்புன்னு உங்ககிட்ட சொல்லுச்சா? சரி, நான் சொல்றேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாருங்க, முடியை விட மெல்லிசா ஒரு கம்பி, அதுல சின்னக் குண்டு தொங்குதா. பக்கத்துல ஒரு பித்தளைக் கட்டைய வெச்சா, குண்டு அதும்பக்கமா துளியூண்டு திரும்பும். கட்டை எவ்வளவு கனமோ அதுக்குத் தக்கபடி இழுக்கும், இந்த எடைக்கு இவ்வளவு திரும்பணும்னு புஸ்தகத்துல இருக்கு. உங்க பொண்ணு பாத்தப்போ ஆயிரத்துல ரெண்டு பங்கு கூடத் திரும்புச்சு. அவ்வளவுதான் சார், இதுக்குத்தான் இத்தனை கூத்து.

பொண்ணு ஒண்ணும் நான்தான் கண்டுபிடிச்சேன்னு குதிக்கல. என் மேலதான் தப்பிருக்கும், ஆனா எங்கன்னு தெரியணும்லன்னு சொல்லுச்சு. பெரியவருக்கு அதுவே பொறுக்கல. இந்த லேபுக்குத் தலைவர் சார், அவரைத்தான் பெரியவர்னு சொல்லுவோம். புஸ்தகம் இவரு வீட்டுச் சொத்து மாதிரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து நின்னாரு. தரை ஆடுதுன்னாங்க. ஜன்னல் வழியா சூடு வருதுன்னாங்க. பொண்ணு பக்கத்துல நின்னு மூச்சு விடுதுன்னான் ஒருத்தன், அவனும் படிச்சவன்தான்! கட்டைய மட்டும் பதினோரு தடவை எடை போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே எடை. குண்டு திரும்புன எண்ணும் அசையல.

தேடறது தப்பில்ல சார். தேடத்தான் வேணும். ஆனா இவங்க தேடறது எண்ணு புடிக்காதப்போ மட்டும்தான். எண்ணு புடிச்சுப் போச்சுன்னா அத்தோட கண்ணை மூடிக்குவாங்க. இதைப் புரிஞ்சுக்க எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு.

கடைசியா யார் தலையில விடிஞ்சுது? என் தலையில. கட்டையோட கடைசல்லதான் கோளாறாம். எல்லார் முன்னாடியும் பெரியவர் கேட்டாரு, உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சோன்னு. ஒரு ஆணியை நேரா அடிக்கத் தெரியாத ஆளு, என் கையைப் பத்திப் பேசறாரு! உங்க பொண்ணு ஒண்ணுதான் எந்திரிச்சு, அவரு வேலையில குறை இல்லைன்னு சொல்லுச்சு. மறுநாள் பொண்ணை மெஷின் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாங்க. புதுக் கட்டை செய், நாங்களே அளக்கறோம்னாங்க.

செஞ்சேன். அளந்தாங்க. புஸ்தகத்துல இருக்கற எண்ணு அப்படியே வந்துச்சு. கேக் என்ன, கைதட்டல் என்ன. பெரியவர் என் முதுகுல தட்டி, பாத்தியா, கவனமா செஞ்சா வருதில்லன்னாரு. உங்க பொண்ணு அளந்ததெல்லாம் அனுபவம் பத்தாம செஞ்ச தப்புன்னு எழுதி, கணக்கை முடிச்சு பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

புதுக் கட்டையோட எடையா? இதைத்தான் சார் இந்த நாலு மாசமா ஒருத்தனாவது கேப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன். எழுதிக்கணும், எடை எவ்வளவுன்னு அந்த மூச்சுக்காரன் கேட்டான். பழைய எடையையே சொன்னேன். எழுதிக்கிட்டான். எண்ணுதான் சரியா வந்துடுச்சே, பன்னெண்டாவது தடவை யாரு தராசுல தூக்கி வைப்பா?

அடியில விரல் நுனி அளவுக்குக் குடைஞ்சிருக்கேன் சார். மூடி, மெருகு போட்டுட்டேன், பாத்தா தெரியாது. எண்ணு எவ்வளவு கூட வந்துச்சோ அவ்வளவு எடைய எடுத்துட்டேன். அஞ்சு கிலோவுல ஆயிரத்துல ரெண்டு பங்கு, பத்து கிராம்.

கோவம் சார். வேற ஒண்ணுமில்ல. ஒரே நாள்ல புடிச்சுடுவாங்க, அப்போ மூஞ்சிக்கு நேரா சிரிக்கலாம்னு இருந்தேன். கேக் வெட்டறப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. பொண்ணு அழுதுக்கிட்டே படியில இறங்குச்சு, அப்பவும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். இவங்களை இவ்வளவு கேவலமா பேசறேனே, நான் என்ன ஒசத்தி?

புஸ்தகம் சரியா, உங்க பொண்ணு சரியா, எனக்குத் தெரியாது. ஆனா இங்க யாரும் பொண்ணு அளந்தது தப்புன்னு காட்டல, நான்தான் காட்டுன மாதிரி பண்ணிட்டேன். இதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேல இருக்கற நோட்டுக்குள்ள வெச்சிருக்கேன். பொண்ணையே வரச்சொல்லுங்க. மெஷினுக்குள்ள இருக்கற புதுக் கட்டைய பெரியவர் முன்னாடி வெச்சு எடை போடட்டும். அப்புறம் பழசை வெச்சு திரும்ப அளக்கட்டும்.

பழசு எங்கயா? நீங்க கதவுக்கு முட்டுக் குடுத்தீங்களே, அதுதான். என்னை அடிக்கணும்னா அப்புறமா அடிங்க சார், வாங்கிக்கறேன். மொதல்ல அதைத் தூக்கி டப்பாவுல வைங்க, கதவை நான் புடிச்சுக்கறேன்.