யாருக்கும் சொல்லாத சோதனை

ராலி காரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்கள் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் அப்படியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சில டீம் மட்டும் வருஷா வருஷம் முன்னேறுது, சில டீம் எவ்வளவு உழைச்சாலும் இருந்த இடத்துலயே இருக்கு. ஏங்க அப்படி?" என்று கேட்டீர்கள். என் வாயைப் பிடுங்கத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நல்ல கேள்வி.

என்ஜின் என்பார்கள், டிரைவர் என்பார்கள். எல்லாம் பாதி உண்மை. ராலி என்பது வழவழப்பான தளத்தில் சுற்றிச் சுற்றி வருவதல்ல. மண்சாலை, காட்டுச்சாலை, கல், பள்ளம், மேடு. அதில் ஒவ்வொரு வண்டியும் தனியாக, கட்டம் கட்டமாக, நேரத்தோடு போட்டி போட்டு ஓடும். அப்படி ஓடினால் ஏதாவது உடையத்தான் செய்யும். உடைவது தப்பில்லை. ஜெயிக்கிற டீம் உடைந்ததை மேசைமேல் வைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டும். தோற்கிற டீம் அதைச் சாக்கில் சுற்றி மூலையில் போடும். இன்னொன்றும் உண்டு. ஒரு பாகத்தைச் செய்கிறவன் வேறாகவும், அது தேறுமா தேறாதா என்று சொல்கிறவன் வேறாகவும் இருக்க வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. எங்கள் டீமில் அந்தச் சிக்கல் வரவில்லை. இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன்.

டீம் என் அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவர். வண்டி ஓட்டியது அக்காவின் ஒரே பிள்ளை. சின்ன வயதுச் சேட்டைக்காக வாலு என்று கூப்பிட ஆரம்பித்தோம். வளர்ந்து ஆளான பிறகும் ஷெட்டில் எல்லோருக்கும் அவன் வாலுதான். அவன் இறந்துபோனதால்தான் நாம் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பின் சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கை உண்டு. நாங்கள் ஆர்ம் என்போம். எங்கள் வண்டியின் ஆர்ம் நான் வடிவமைத்தது. வரைந்தது நான், வெட்டியது நான், பற்றவைத்ததும் நான். வெளியூர் டீம்காரர்கள்கூட குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வாலு மட்டும் அடிக்கடி, "மாமா, மேட்டுல ஏறிக் குதிச்சு இறங்கும்போது பின்னாடி ஒரு மாதிரி நெளியுது" என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பேன். அவனும் சிரித்துவிட்டுப் போவான். அவனுக்குக் கோபமே வராது. அந்த ஒரு விஷயத்தில் அவன் எங்கள் குடும்பத்தில் யாரையும் கொண்டு பிறக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். பட்டம் பெற்ற இன்ஜினியர். வருஷா வருஷம் கோப்பை தூக்குகிற டீமை விட்டு எங்களிடம் வேலைக்கு வந்தாள். ஜெயிக்கிற இடத்தை விட்டுவிட்டு ஒருத்தி தோற்கிற இடத்துக்கு ஏன் வர வேண்டும்? யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "அங்க நான் கத்துக்கிட்டாச்சு சார், இங்க செஞ்சு பாக்கணும்" என்றாள். பதில் ரொம்பச் சுத்தமாக இருந்தது. முன்கூட்டியே யோசித்து வைத்த பதில்தான் அவ்வளவு சுத்தமாக இருக்கும். இத்தனை வருஷம் போலீஸ் வேலை பார்க்கும் உங்களுக்கு இது தெரியாதா?

அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்று. வண்டியில் எந்தப் பாகம் மாட்டியிருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்லக்கூடாது. பழையதில் ஒரு ஓட்டம், புதியதில் ஒரு ஓட்டம், மறுபடி பழையதில் ஒரு ஓட்டம். எது நன்றாக இருந்தது என்று அவன் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது. அவளும் ஒரு ஆர்ம் வரைந்திருந்தாள். அவளுடையது சாம்பல் நிறம், என்னுடையது கறுப்பு. சக்கரம் மாட்டி மறைத்த பிறகுதான் வாலுவை உள்ளே கூப்பிடுவாள்.

ஒவ்வொரு முறையும் வாலு அவளுடையதைத்தான் சொன்னான்.

நான் கோபப்படவில்லை. ஒரு மனிதன் எப்போதும் சரியாகச் சொல்கிறான் என்றால் யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் மூக்கைச் சொறிந்தாள். அது சைகையாக இருக்கலாம். இன்னொரு நாள் தண்ணீர் குடித்தாள். அடுத்த முறை இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அப்போதும் அவளுடையதையே சொன்னான். அவள் மேல் அவனுக்கு ஒரு கண் இருக்கிறது என்று அத்தானிடம் சொன்னேன். "மாப்ளே, அவ அளந்து காட்டுறா. உன்னோடது வளையுது. அதைப் பாரு முதல்ல" என்றார். மச்சினனைக் கிண்டலாக மாப்பிள்ளை என்று கூப்பிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு அதில் கிண்டல் இல்லை.

அந்த வாரக் கூட்டத்தில் எல்லோர் எதிரிலும் சொன்னார். "இனிமே பின்பக்கத்தை அந்தப் பொண்ணு பாத்துக்கட்டும். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு." மெக்கானிக்குகள் தரையைப் பார்த்தார்கள். வாலு என் தோளைத் தட்டி, "மாமா இல்லாம வண்டி இல்ல" என்றான். ஆறுதல் சொல்கிற அளவுக்கு நான் கீழே போய்விட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வலித்தது. அதை மறைக்கவில்லை.

ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். டிரைவருக்குத் தெரியக்கூடாது என்கிறாள். அவளுக்கு மட்டும் தெரியலாமா? பாகத்தைச் செய்தவளுக்கே எது மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் அது என்ன சோதனை? யாருக்குமே தெரியாமல், நிஜமான போட்டியில், நிஜமான வேகத்தில் ஓடினால்தான் உண்மை வெளிவரும். அவளுடைய முறையைத்தான் நான் முழுசாகச் செய்தேன். அவள் பாதியில் விட்டிருந்தாள்.

போட்டியன்று காலை எல்லோரும் அதிகாரிகள் நடத்தும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். வண்டி நின்ற கூடாரத்தில் நான் மட்டும் இருந்தேன். என்னுடைய ஆர்முக்கு முந்தின நாளே சாம்பல் வண்ணம் அடித்துக் காயவைத்திருந்தேன். மாற்றி மாட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. என் கை செய்த சாமான், என் கைக்குப் பழக்கம்.

முதல் கட்டம் முடித்துவிட்டு வாலு ரேடியோவில் பேசினான். "மாமா, வண்டி இன்னைக்கு வெண்ணெய் மாதிரி போகுது." அந்தப் பெண் சிரித்தாள். அத்தான் அவளுக்குக் கை கொடுத்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு கட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளே சொல்வாள். பொறுத்தேன்.

இரண்டாவது கட்டம் முடிந்து வண்டி சரிபார்ப்புக்கு வந்தது. வாலு இறங்கி வாழைப்பழம் தின்றுகொண்டே, "பின்னாடி ஏதோ லேசா தட்டுற மாதிரி இருக்கு மாமா. எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று கேட்டான். நான் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சார், நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"ஏம்மா, உன் பார்ட்டை நீயே சந்தேகப்படுறியா?" என்றேன்.

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துபோனாள். நான் சேற்றைத் துடைத்தேன், பார்த்தேன், வெளியே வந்தேன். வாலு, "என்ன மாமா, கீழயே தூங்கிட்டீங்களா?" என்றான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. உனக்குத்தான் தோணுது, கிளம்பு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். நான் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேசியதில்லை.

மூன்றாவது கட்டத்தில் ஒரு பெரிய மேடு வரும். வண்டி அதில் பறந்து இறங்கும். இறங்கியபோது பின் சக்கரம் தனியாகப் போய்விட்டது. பிறகு மரங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர் பிழைத்துக்கொண்டார். வாலு இருந்த பக்கம்தான் மரத்தில் மோதியது.

அது அவளுடைய ஆர்ம் என்றுதானே எல்லோரும் நினைத்தார்கள். நீங்களும்தான் அவளை இதே அறைக்குக் கூப்பிட்டீர்கள். அவள் அழுதுகொண்டே, தன் கணக்கில்தான் எங்கேயோ பிழை இருக்க வேண்டும் என்று சொன்னாளாமே. ஜெயிக்கிற டீமில் அப்படித்தான் பழக்குவார்கள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்னைக் கேட்கவில்லை. பிறகு உங்கள் ஆட்கள் உடைந்த துண்டைச் சுரண்டி, சாம்பலுக்கு அடியில் கறுப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டு அடித்திருக்க வேண்டும். வேலையில் நான் சோம்பேறித்தனம் காட்டியது அந்த ஒரு இடத்தில்தான்.

சரிபார்ப்பின்போது சேற்றைத் துடைத்து என்ன பார்த்தேன் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். இதுதான் உங்களுக்கு வேண்டிய பதில் என்று புரிகிறது.

பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் விரிசல் இருந்தது. தலைமுடி கனம். விரலை வைத்தால் நகத்தில் தட்டியது. மாற்றுவதற்கு அவளுடைய ஆர்ம் பெட்டியில் தயாராக இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் மாற்றியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும், சோதனையும் பாதியில் நின்றிருக்கும். இன்னும் ஒரே கட்டம் தாங்கியிருந்தால் போதும், வண்டியைத் தூக்கி நிறுத்தி, வண்ணத்தைச் சுரண்டி, அத்தான் எதிரிலேயே காட்டியிருப்பேன். அதனால் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். வாலுவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் பேச்சைக் கேட்டு அவன் அந்த மேட்டில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருந்தால் ஆர்ம் தாங்கியிருக்கும். குறைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அது நியாயமான சோதனை ஆகாது.

எனக்கு ஒரே ஒரு குறைதான். அத்தான் வரமாட்டார், அவர் குணம் தெரிந்ததுதான். ஆனால் அக்கா அப்படியில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறவள். பிள்ளை போன துக்கத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இத்தனை நாளாகியும் அவள் என்னைப் பார்க்க வரவில்லை. ஆள் அனுப்பினேன், கதவைக்கூடத் திறக்கவில்லையாம். யாரோ என்னைப் பற்றி அவளிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது யார் என்று மட்டும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.