காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, கணினித் திரையை ஒரு மணி நேரம் மறந்துவிட்டு வந்திருக்கும் சக ஊழியர்களே, வணக்கம்.

நம் தொற்றுநோய்க் கண்காணிப்புப் பிரிவின் தலைவர் அம்மையாரை நீங்கள் முதுகுக்குப் பின்னால் எப்படி அழைத்தீர்கள்? 'போன் போடு மேடம்'! சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். அவருக்கும் தெரியும். "பேர் நல்லாத்தான் இருக்கு. சொன்னதைச் செய்யத்தான் ஆளைக் காணோம்" என்பார்.

கொள்ளைநோயின் இரண்டாவது அலை. நாற்பத்தொரு சுகாதார நிலையங்களிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குள் எண்ணிக்கை வரவேண்டும். அன்று ஏழிலிருந்து வரவில்லை. நான் என்ன செய்தேன்? ஏழு கட்டங்களிலும் பூஜ்யம் போட்டேன். வரைபடக் கோடு சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல் இறங்கியது. மறுநாள் பள்ளிகளைத் திறக்கலாம் என்று அறிவிப்பே தயாராகிவிட்டது.

"இந்த ஏழு பூஜ்யத்தையும் யார் சொன்னது?" என்றார் அம்மையார்.

"தகவல் வரலை மேடம். வரலேன்னா நோயாளி இல்லேன்னுதானே?"

"வரலேன்னா வரலேன்னுதான் அர்த்தம். பூஜ்யம்னா ஒருத்தர் எண்ணிப் பார்த்துச் சொல்லணும். போனைப் போடுங்க."

போட்டேன், முணுமுணுத்துக்கொண்டே. கடைசி நிலையத்தில் மருந்தாளுநர் இருமிக்கொண்டே எடுத்தார். "எழுதுற கிளார்க்கே படுத்துட்டார் சார். நானும் நர்சம்மாவும்தான் ஓடிட்டு இருக்கோம். வாசல் வரைக்கும் ஆளுங்க."

ஏழிலும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்! கோடு இறங்கவில்லை ஐயா, ஏறிக்கொண்டிருந்தது. அறிவிப்பு கிழிக்கப்பட்டது. அன்று முகம் சுளித்த இயக்குநர் இதோ இங்கேதான் இருக்கிறார். இப்போது அவரே தலையாட்டுகிறார்.

உலக வரைபடத்தைப் பார்த்தாலும் அம்மையாருக்கு இதே கேள்விதான். ஏதோ ஒரு நாட்டில் எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் நாங்கள் கைதட்டுவோம். அவர் கேட்பார்: "நோய் குறைஞ்சுதா, டெஸ்ட் எடுக்கிறது குறைஞ்சுதா?" அப்புறம் யார் கைதட்டுவது!

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க மனம் ஒப்பவில்லை. போன திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் இருக்கை காலியாக இருந்தது. வருகைப் பதிவேடு என் பொறுப்பு. நான் என்ன செய்தேன்? 'விடுப்பு' என்று எழுதினேன். இருபத்தாறு ஆண்டுகளில் சொல்லாமல் ஒரு நாள் அவர் விடுப்பு எடுத்ததுண்டா? இல்லை. ஒரு போன் போட்டேனா? இல்லை! கணவர் வெளியூரில். மதியம் மகள்தான் தனியாகப் போய் வீட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்.

விடியற்காலையிலேயே அம்மையாரின் இதயம் நின்றுவிட்டது, நீங்கள் அழைத்திருந்தாலும் பயனில்லை என்கிறார் மருத்துவர். இருக்கலாம். ஆனால் ஒன்பது மணிக்கு அது எனக்குத் தெரியாதே! நான் அழைத்திருந்தால், பதில் இல்லையென்று நாலு பேர் ஓடியிருப்போம். அந்தக் கதவை, மகளே, நீ தனியாகத் திறந்திருக்க வேண்டாம். என்னை மன்னிச்சிடும்மா.

இத்தகைய இரங்கல் கூட்டங்களில் பெரிய சபதங்கள் எடுப்பார்கள். என்னுடையது சிறியது. கேட்காமல் இனி ஒரு கட்டத்தையும் நிரப்ப மாட்டேன். பதிவேட்டில் அந்த 'விடுப்பு' என்ற சொல்லையும் அடித்துவிட்டேன்.

இன்று காலை இரண்டு நிலையங்களிலிருந்து தகவல் இல்லை. இரண்டுக்கும் போன் போட்டேன். ஒன்றில் எடுத்தார்கள், நான்கு பேருக்குக் காய்ச்சலாம். இன்னொன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே பேச்சை நீட்டாமல் இறங்குகிறேன். மறுபடியும் போட வேண்டும்.