மணம் மறைந்த மேசையில் எழுந்து நின்ற நடுவர்

அடாத மழைக்கும் அசையாமல் இந்த அவையைக் கட்டிக் காக்கும் தலைவி அம்சவள்ளி அம்மையார் அவர்களே! மெர்போக்கிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் நனைந்த தோளோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! இந்த விழாவின் நாயகி, செமிலிங்கின் செல்வமகள் புஷ்பவள்ளி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கார்த்திகேசுவின் கனிந்த வணக்கம்.

பீரைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் பெண்ணுக்குப் பொன்னாடையா? அழைப்பிதழ் அச்சேறிய நாள் முதல் இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. என்ன தம்பி, பின்னால் சிரிக்கிறீர்கள்? "ஓசியில குடிக்கிற வேலை எங்கண்ணே கிடைக்கும்?" என்கிறீர்களா? உட்காருங்கள், சொல்கிறேன்.

அங்கே ஒரு தாய் எழுந்து நிற்கிறார். "குடியப் பத்தி மேடையில பேசலாமாங்க?" என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, அம்மா. சம்சு என்னும் மலிவுச் சாராயம் நம் தோட்டப்புறங்களில் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்று எனக்கும் தெரியும். நான் ஒரு சொட்டும் தொடாதவன். அதோ, என் மனைவி தலையாட்டுகிறார், சாட்சிக்கு ஆள் இருக்கிறது! நண்பர் முகம்மது ஹனீபாவுக்கும் இந்தப் பானத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் குடியைக் கொண்டாட வரவில்லை, அம்மா. ஒரு பெண்ணின் நேர்மையைக் கொண்டாட வந்திருக்கிறோம்.

புஷ்பவள்ளி உணவு அறிவியல் படித்தவர். சுங்கைப்பட்டாணியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தரப் பிரிவில் சுவைத்துப் பார்ப்பவர். பொறுமையாகப் பயின்று, தேர்வெழுதி, பீர்ப் போட்டிகளுக்கும் நடுவரானார். அதிலும் அவருக்குப் பிடித்தது ஓட்மீல் ஸ்டவுட். காப்பிபோல் கறுத்த பீர் அது. வறுத்த பார்லியின் கசப்பும் ஓட்ஸின் வழுவழுப்பும் அதில் கைகோத்து வர வேண்டும். கசப்பு மிஞ்சினால் கரியைக் கடித்ததுபோல் இருக்கும். ஓட்ஸ் மிஞ்சினால் கூழாகிவிடும். குவளையை ஒளியில் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் மட்டும் உருட்டி, நிறை எது, குறை எது என்று எழுத வேண்டும். தம்பி, இது குடிக்கிற வேலை இல்லை. நாவும் நாசியும் நடுநிலையும் ஒன்றாக நிற்கிற வேலை!

சென்ற ஆண்டு லங்காவியில் பெரிய போட்டி. பல நாட்டுப் பீர்கள். ஓட்மீல் ஸ்டவுட் மேசைக்குத் தலைமை ஏற்கப் புஷ்பவள்ளியை அழைத்தார்கள். அவர் காத்திருந்த நாள் அது. அதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் வந்து தணிந்திருந்தது. அதைப் பெரிதாக எண்ணாமல் படகேறினார்.

முதல் குவளை வந்தது. முகர்ந்தார். மணமே இல்லை. குவளையில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அடுத்த குவளையிலும் மணம் இல்லை. எழுந்து போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தார். வெறும் காற்று!

அந்த மேசைக்கு மூன்று நடுவர்கள். பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். அவர் குனிந்து, "எங்க ரெண்டு பேர் மார்க்கையும் பார்த்து நீயும் ஒட்டிப் போட்டுடுலா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

புஷ்பவள்ளி என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்குத் தெரியுமேண்ணே."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, போட்டி முழுவதற்கும் தலைமை நடுவராக இருந்தவரிடம் நடந்தார். அவர் விக்னேஸ்வரன், மெர்கோங்கைச் சேர்ந்தவர்.

"அண்ணே, எனக்கு வாசனை வரல. நான் தீர்ப்புச் சொன்னா அது பொய்யாப் போயிரும். வேற ஆளப் போடுங்க."

"நல்லா யோசிச்சியாம்மா? அடுத்த வருஷம் கூப்பிடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"யோசிச்சிட்டேண்ணே. ஒவ்வொரு குவளைக்குப் பின்னாலயும் ஒருத்தரோட உழைப்பு இருக்கு."

மாற்று நடுவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புஷ்பவள்ளி பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார். அக்கரையில் கோலகெடா துறையில் காரோடு காத்திருந்த கணவர் புவனேசனைப் பார்த்த பிறகுதான் அழுதார்.

ஊர் சும்மா இருக்குமா? "குடிச்சுக் குடிச்சு மூக்கே போயிருச்சாம்லா" என்றது. "எறக்கி விட்டுட்டாங்களாம்" என்றது. தானே இறங்கியவரை இறக்கிவிட்டார்கள் என்று சொல்ல எத்தனை வாய்கள்! தொழிற்சாலையிலும் அவரைச் சுவைப் பிரிவிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டும் பிரிவில் போட்டார்கள். மணமும் போனது, மனத்துக்குப் பிடித்த வேலையும் போனது.

புவனேசன் பீடோங்கில் மசாலா அரைக்கும் மில் வைத்திருக்கிறார். பேச்சுக் குறைந்த மனிதர். மருத்துவர் மூக்குக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னதும், காலைதோறும் வறுத்த மல்லி, கிராம்பு, காப்பிக்கொட்டை என்று கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தார். மனைவி கண்ணை மூடிக்கொள்வார்.

"இது என்னா, சொல்லு?"

"ஒண்ணும் தெரியலங்க."

"சரி, நாளைக்குப் பார்ப்போம்."

நாளைக்குப் பார்ப்போம்! அந்த இரண்டு சொற்களைச் சலிக்காமல் சொன்னார் அந்த மனிதர். மாதங்கள் போயின. ஒருநாள் புஷ்பவள்ளி, "கிண்ணத்தையெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க" என்று கத்தியிருக்கிறார். அவரும் எடுத்துப் போனார். மறுநாள் காலை மறுபடி கொண்டுவந்து வைத்தார்.

ஒரு ஞாயிறு. மனைவி வெளியே துணி காயப்போடுகிறார். கணவர் உள்ளே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுகிறார். வாசலில் லாரிக்காரர் கூப்பிட, அடுப்பை மறந்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கொல்லையிலிருந்து ஒரு கூச்சல்.

"என்னங்க! கஞ்சி அடி பிடிச்சிருச்சு!"

புவனேசன் அடுப்புக்கு ஓடவில்லை. மனைவியிடம் ஓடினார். "எப்படித் தெரியும்? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். அடிபிடித்த கஞ்சிக்கு ஆனந்தக் கண்ணீர் விட்ட வீட்டைக் கெடாவில் வேறெங்கே காண்பீர்கள்?

மணம் திரும்பியதும் ஓடிப்போய் நாற்காலியைக் கேட்டாரா? இல்லை. "முதல்ல என்னைச் சோதிச்சுப் பாருங்கண்ணே" என்று விக்னேஸ்வரனிடம் கேட்டார். குறைகளை வேண்டுமென்றே கலந்த பீர்களை வைத்துச் சோதித்தார்கள். முதல் முறை தவறினார். மல்லியும் கிராம்பும் மறுபடி மேசைக்கு வந்தன. அடுத்த முறை தேறினார். தொழிற்சாலையும் பழைய பிரிவுக்கே அழைத்துக்கொண்டது.

இந்த ஆண்டு லங்காவியில் அதே ஓட்மீல் ஸ்டவுட் மேசைக்கு மறுபடி அவரையே அழைத்தார்கள். முடிவு சொல்லிப் பரிசு கொடுத்த பிறகு, இரண்டாம் பரிசு பெற்ற, தாய்லாந்து ஹாட்ஜாய் நகரத்துக்காரர் அவரைத் தேடி வந்தார். தெரிந்த மலாயில் அவர் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"அக்கா, போன வருஷம் என் பீர் தோத்துப்போச்சு. கசப்பு தூக்கல், ஓட்ஸே தெரியலன்னு உங்க நாற்காலில உட்கார்ந்தவர் எழுதியிருந்தார். கோவம் வந்துச்சு. ஊருக்குப் போய்க் குடிச்சுப் பார்த்தா, அவர் சொன்னது நிஜம். மாத்திக் காய்ச்சினேன். நீங்க சும்மா ஒரு மார்க் போட்டிருந்தா, நான் இன்னும் அதே தப்பைத்தான் செஞ்சிட்டிருப்பேன்."

அவையோரே! தெரிந்ததைச் சொல்லக் கல்வி போதும். "எனக்குத் தெரியவில்லை" என்று மேடையேறிய நாளிலேயே சொல்ல என்ன வேண்டும்? நெஞ்சுரம் வேண்டும்! பதவி போகுமே என்று பதறாத நெஞ்சு வேண்டும்! பார்ப்பவர் எவருமில்லாவிட்டாலும் பிறர் உழைப்பைப் பொய்யால் அளக்காத நெஞ்சு வேண்டும்! மருத்துவரிடம் அது வேண்டாமா? ஆசிரியரிடம் வேண்டாமா? நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் வேண்டாமா? தட்டுங்கள் கையை, கூரை மீது பெய்யும் மழையின் ஓசை அடங்கட்டும்!

கேள்வி கேட்ட தாயே, பொன்னாடையை நான் போர்த்துவதைவிட நீங்கள் போர்த்தினால்தான் அழகு. வருகிறீர்களா? வழிவிடுங்கள் தம்பி, அம்மா வருகிறார்! புவனேசன், நீங்களும் எழுந்து வாருங்கள், உங்கள் இடமும் இங்கேதான்.

நனைந்து வந்து நெஞ்சு நிறையக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வாழ்க நம் மக்கள், வளர்க நம் தமிழ். வணக்கம்!