கீழ்த் தாழ்ப்பாள்

ஜூன் 9, ஞாயிறு. பதின்மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வந்த அக்காவிடம், "சாப்பிட்டியா" என்று கேட்காமல் "எப்போ கிளம்புறே" என்று கேட்டுவிட்டேன். தவறு. மீதிப் பேச்சு, நினைவிருக்கும் வரை:

– அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு அடுத்த ரயில் பிடிச்சுடுவேன்டீ.

– சரியாச் சொல்லணும்னா, அவர் நாளைக்குத்தான் வருவார். முட்டி ஆபரேஷன் முடிஞ்சு பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ். உட்காரேன்க்கா.

– உட்கார வரல. இந்த ரூம்தானே? கதவுக்குப் பெயின்ட் அடிச்சுட்டா நடந்தது மறைஞ்சுடுமா?

– நான்தான் அடிச்சேன். ரெண்டு கோட்.

– நர்சிங் இன்டர்வியூ அன்னிக்கு என்னை உள்ளே வச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு, மனுஷன் பாட்டுக்கு பஸ் ஓட்டப் போயிட்டார். சாயங்காலம் வரைக்கும் தட்டினேன். கை வீங்கிப்போச்சு. ஏன் போட்டீங்க? அவ்வளவுதான் கேட்கணும்.

– எந்தத் தாழ்ப்பாள்?

– என்னடீ, கணக்கு டீச்சர் மாதிரி!

– மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு இருக்கேக்கா.

– தள்ளினா மேல்பக்கம் ஆடுச்சு, இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுது. கீழ்ப்பக்கம் அசையவே இல்ல. போதுமா? நோட்டுல எழுதிக்கோ.

– அப்பாவுக்கு அப்பவே முட்டி வலி, பஸ் ஓட்டுவாரே தவிர கீழே குனிய முடியாதுக்கா. கீழே விழுந்த சாவியைக்கூட நான்தான் எடுத்துக் குடுப்பேன்.

– அதனால?

– மேல்தாழ்ப்பாள் எனக்கு எட்டாது.

– குட்டி...

– அப்போ எனக்கு ஏழு வயசு. அம்மா பெட்டி எடுத்துக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா. திரும்பல. நீயும் பெட்டி கட்டினே. அப்பா பஸ்ஸுக்குப் போனதும் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடிட்டேன்.

– சும்மா சொல்லாதே. சாயங்காலம் உள்ளேருந்து கத்தினேன், "நீங்கதானே பூட்டினீங்க"ன்னு. "ஆமா"ன்னாரே! என் காதால கேட்டேன்.

– தாழ்ப்பாளைத் திறக்க அவரால குனிய முடியல. காலை நீட்டித் தரையில உட்கார்ந்தார். நான் பக்கத்துல நின்னு, "நான்தான்க்கா"ன்னு சொல்ல வந்தேன். என் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் "ஆமா"ன்னார்.

– போன்ல அவர் குரல் கேட்டாலே வச்சுடுவேனேடீ.

– வச்சதும், "பெரியவதான், நல்லா இருக்கா"ம்பார்.

– உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். நாளைக்கு எத்தனை மணின்னே?

– பதினொண்ணு. சரியாச் சொல்லணும்னா...

– வேணாம். அவர்கிட்ட முதல்ல நான் போறேன். நீ வெளியே நில்லு.

நாளை: காலையில் கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும். பத்தரைக்கு இருவரும் ஆஸ்பத்திரி.